ஜிப் மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

போர்டு மாட்டி இன்றோடு ஒன்பது நாள். ‘ஜிப் மட்டும் ரிப்பேர் செய்து தரப்படும். பை, பெட்டி, ஜாக்கெட், எதுவானாலும். முதல் மாடி.’ நானே எழுதியது. கடைசி வரி கொஞ்சம் சரிந்துவிட்டது. இதுவரை படியேறி வந்தவர்கள்: தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் ஒருவர், வேறு வீடு என்று நினைத்துத் தவறி வந்தவர் ஒருவர்.

மதியம் என் வீட்டுக்காரர் ஒரு பேன்ட்டை நீட்டினார். “ஜிப் போச்சு.” பார்த்தால், ஜிப்பின் இரண்டு பல்லைக் குறடு வைத்து யாரோ நெளித்திருக்கிறார்கள். பை கம்பெனியில் பதினோரு வருடம் ஜிப் மட்டுமே தைத்தவளிடமா இந்த வேலை?

“நீங்களே உடைச்சீங்களா?”

“சேச்சே!”

காது சிவந்துவிட்டது மனுஷனுக்கு. சரிசெய்து கொடுத்தேன். ஆனால் முதல் வாடிக்கையாளர் என்று இவரைச் சேர்த்துக்கொள்ள மனசு வரவில்லை.

ஜூன் 4, புதன்

அக்கா போன். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்களாம். “உங்க கம்பெனிய மூடி நாலு மாசம் ஆச்சு. இந்த மாசக் கடைசி வரைக்கும் உனக்காகச் சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத. ஜிப்ப நம்பி யாராவது பொழப்பு நடத்துவாங்களாடி?”

நடத்துவார்களா? எனக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் சிரித்த முகமாக உட்கார என்னால் முடியாது என்பது மட்டும் தெரியும்.

ஜூன் 7, சனி

விளம்பரம் அச்சடித்து ஒட்டுவதற்கெல்லாம் வழியில்லை. மகளுடைய பழைய கல்லூரி நோட்டைக் கிழித்து, எழுதாத பின்பக்கங்களில் அறுபது சீட்டு எழுதினோம். இரண்டு தெரு முழுக்கக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தோம்.

சாயங்காலம் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ரிட்டயரான வாத்தியார் ஒருவர். “சீட்டு கிடைச்சதும்மா. பின்னாடி ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அதுல மூணாவது வரி தப்பு.”

“ஜிப் ஏதாவது…?”

“எங்க வீட்ல எல்லாம் பொத்தான் தான்.”

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறாள். அழுகிறாளா என்று புரட்டிப் பார்த்தேன். சிரித்து மூச்சு வாங்குகிறது அவளுக்கு.

ஜூன் 10, செவ்வாய்

பஸ் ஸ்டாப்பில் நல்ல சட்டை போட்ட ஒருவர். பேன்ட் ஜிப் பாதியிலேயே நிற்கிறது. ஊரில் இதைச் சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் நான்தான். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? மூன்று பஸ் போய்விட்டது. சொல்லவே இல்லை.

ஜூன் 11, புதன்

சலவைக்கடைக்காரரிடம் போய், ஜிப் வேலை ஏதாவது வருமா என்று கேட்டேன். யாரோ வாங்காமல் விட்டுப்போன ஜாக்கெட் ஒன்றைத் தந்தார். அங்கேயே நின்று முடித்துக் கொடுத்தேன். இருபது தடவை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார்.

“வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும்மா ஜிப்ப தேடிக்கிட்டு வருவாங்க? அறுந்தா அந்த நிமிஷம் கத்துவாங்க, அப்புறம் மூலைல போட்டுருவாங்க.”

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கத்துகிற நிமிஷம். அந்த நிமிஷத்தில் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். ஜிப் எங்கே அதிகம் அறும்? பெட்டியை அடைத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில்!

ஜூன் 16, திங்கள்

காலை ஆறரைக்கே வெளியூர் பஸ் நிலையம். கையில் குறடு, ஊசி, மெழுகுவர்த்தித் துண்டு, ஒரு டப்பா நிறைய ரன்னர் — ஜிப்பை இழுக்கும் அந்தத் தலைப்பாகம். இரண்டு மணி நேரம் எல்லார் பெட்டியையும் முறைத்துக்கொண்டு நின்றதில் திருடி என்றே நினைத்திருப்பார்கள்.

எட்டேமுக்கால். கல்யாணத்துக்குப் போகிற ஒருவரின் பெரிய பெட்டி, பஸ் படியில் வைத்து வாய் பிளந்தது. பட்டுச் சேலை, வேட்டி, உள்பனியன் எல்லாம் தரையில். அவர் மனைவி, “நான் அப்பவே சொன்னேன்ல! சொன்னேனா இல்லையா?” என்று ஆரம்பித்துவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

“நாலு நிமிஷம் குடுங்க சார்.”

“யாரும்மா நீங்க?”

“ஜிப்!” — இதென்ன பதில்? அதுதான் வந்தது.

முட்டிபோட்டு உட்கார்ந்தேன். பழைய ரன்னரைக் கழற்றி, புதியதைக் கோத்து, மெழுகு தேய்த்து, இழுத்தேன். சர்ரென்று ஓடியது. பஸ்ஸுக்குள் கைதட்டல்! ஜன்னல் ஜன்னலாகத் தலை. கண்டக்டர் வாட்சைப் பார்த்து, “மூணே முக்கால் நிமிஷம்” என்றார். பஸ் கிளம்பிப் போனது.

ஜூன் 17, செவ்வாய்

போன் நம்பர் கொடுக்கவில்லை. ஐம்பது பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மடச்சி, மடச்சி, மடச்சி.

ஜூன் 20, வெள்ளி

மூன்று நாளாக அதே இடத்தில் போய் நின்றேன். வேறென்ன செய்ய? இன்று அந்த பஸ் திரும்பி வந்தது. கண்டக்டர் இறங்கும்போதே கூவினார்: “எங்கம்மா போனீங்க? ஒரு பஸ்ஸே உங்களப் பத்திப் பேசிட்டு வந்துச்சு, நம்பர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

டிக்கெட் பைகள் ஆறு. அவருடையதும் மற்ற கண்டக்டர்களுடையதும். எல்லாம் ஜிப் போனவை. அவர்கள் ஓய்வறை பெஞ்சிலேயே உட்கார்ந்து முடித்தேன். என் நம்பரைச் சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் பெரிதாக அவரே எழுதினார். முதல் வாடிக்கையாளர்! ஒரே மூச்சில் ஆறு!

ஜூன் 28, சனி

இந்த வாரம் பதினேழு பேர். சலவைக்கடைக்காரரும் ஒரு மூட்டை அனுப்பிவிட்டார்.

அக்காவுக்குப் போன் செய்து, வேலை வேண்டாம் என்று சொன்னேன். “எக்கேடோ கெட்டுப் போ” என்று வைத்துவிட்டாள். தப்புப் பண்ணிட்டேனா?

பத்து நிமிடத்தில் மறுபடி அவளே. குரல் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. “எங்க டாக்டரம்மா ஹேண்ட்பேக்ல ஜிப் சிக்கிக்கிச்சாம். அனுப்பட்டுமா?”

ஜூலை 18, வெள்ளி

பல் டாக்டரிடம் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜிப் போய் இரண்டு வாரம் ஆகிறது; நேரமில்லாமல் ஊக்கு குத்தி வைத்திருந்தேன்.

“ஏங்க ஊக்கெல்லாம்? ஜிப்புக்குன்னே ஒருத்தங்க இருக்காங்க, தெரியாதா?”

“அப்படியா? நல்லா பண்ணுவாங்களா?”

“கொஞ்சம் வாய் ஜாஸ்தியாம். ஆனா வேலை சுத்தம்னு சொல்றாங்க. சனிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, படி வரைக்கும் கூட்டமாம்.”

சீட்டு ஒன்று கிழித்து, என் வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று எனக்கே வழியெல்லாம் எழுதிக் கொடுத்தார். நன்றி சொல்லி பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.