கேப்டன் ஏமரியின் இரண்டு வருடங்கள்

பர்பாங்க்
ஜூன் 9

அன்பு மகள் தெஸ்ஸாவுக்கு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் கொல்லை எலுமிச்சை மரமும் நலம். வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், பேரன் ஜூடுக்கு இருமல் நின்றதா? அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் அவனை வெளியே அனுப்பாதே. அன்று போனில் விழா நன்றாக நடந்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது முழுசாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி, உன்னால் ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது.

உன் அப்பா 'மாரிகோல்ட்' டிவி தொடரில் நடித்தபோது உனக்கு எட்டு வயது, எவ்வளவு நினைவிருக்கிறதோ. கார்ல்டன் ப்ரைஸ் ஆறு வருடம் அதில் வரும் விண்கலத்துக்குக் கேப்டனாக நடித்துவிட்டு, இனி சினிமாதான் என்று போனான். காலியான நாற்காலியில் உன் அப்பா கேப்டன் ஏமரியாக உட்கார்ந்தார். கார்ல்டன் படங்கள் மண்ணைக் கவ்வின, இங்கே தொடரை முன்னைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பா பெயரைப் போட்டு, ஓவன் படப்பிடிப்புக்குக் குடித்துவிட்டு வருகிறான் என்று பத்திரிகையில் வந்தது. பியர்கூடத் தொடாத மனிதர், தெஸ்ஸா. இரண்டே வருடத்தில் அவரை இறக்கிவிட்டு அவனையே திரும்ப ஏற்றினார்கள், அதுவும் ஒரே வருடம்தான் ஓடியது. அதற்குப் பிறகு உன் அப்பாவுக்கு யாரும் நல்ல வேடம் தரவில்லை, மெத்தைக் கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தே காலம் போனது. பள்ளியில் உன்னைக் குடிகாரன் மகள் என்றார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தது எனக்கு மறக்கவில்லை. அந்தச் செய்தியைக் கொடுத்தது யார் என்று எங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் உன் அப்பா, "விடு வெர்னா, சேத்துல கல்லெறிஞ்சா நம்ம மேலதான் தெறிக்கும்" என்பார். அவர் உயிரோடு இருந்தவரை அடங்கி இருந்தேன்.

பஸடீனாவில் ரசிகர்கள் நடத்திய ஆண்டு விழாவில், எந்தக் கேப்டனின் காலம் சிறந்தது என்று ஒரு மேடைப் பேச்சு வைத்திருந்தார்கள். கார்ல்டன் ஒரு பக்கம், தொடர் மறுபடி வந்தபோது ஐந்து வருடம் கேப்டனாக நடித்த மிரியம் கோல் இன்னொரு பக்கம், அப்பாவுக்குப் பதிலாக நான் நடுவில். அரங்கம் நிரம்பி வழிந்தது, பாதிப் பேர் விண்கப்பல் சீருடையில் வந்திருந்தார்கள். கார்ல்டன் தன் ஏழு வருடத்தை அளந்தான், எத்தனை போர், எத்தனை கிரகம், எத்தனை முத்தம் என்று. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "பாவம் ஓவன், இருந்தது ரெண்டே வருஷம். ஆனா அவனுக்குத்தான் எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுமே, நாலுன்னு வச்சுக்குவோம்!" என்றான். கூட்டம் சிரித்தது.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். "கார்ல்டன், ஒரே கேள்வி. ஏழு வருஷத்துல உன் கப்பல்ல எத்தனையோ பேர் செத்தாங்க. அதுல ஒரு பேரு சொல்லு பாப்போம்" என்றேன். அவன் இளித்துக்கொண்டு, "அதெல்லாம் கதை எழுதினவன்கிட்டக் கேளு தாயே" என்றான். நான் கூட்டத்தைப் பார்த்து, ஏமரியின் கப்பலில் இறந்தவர்கள் யார் என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு பருத்த மனிதர் எழுந்து, "மாலுமி டோர்ன்" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், "டாக்டர் இல்யா" என்றாள். பிறகு மாடியிலிருந்து, ஓரத்திலிருந்து, ஒவ்வொருவராக எழுந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். யாராவது இறந்தால், அவர் பெயரைக் கேப்டன் உரக்கச் சொல்லாமல் கதை முடியக் கூடாது என்று எழுதுபவர்களோடு சண்டை போட்டு வாங்கியது உன் அப்பாதானே. மிரியமும் எழுந்து நின்றாள். கார்ல்டன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"இத்தனை பேரையும் தாளைப் பாக்காம சொன்னவரு குடிகாரரா?" என்று கேட்டேன். அவன் எழுந்து என் பக்கம் வந்தான். என் காதருகே குனிந்து, "நாப்பது வருஷம் ஆச்சு வெர்னா, பேப்பர்காரன்கிட்ட நான் சொன்ன ஒரு பொய்யை இன்னுமாடி தூக்கிட்டுத் திரியுற?" என்று சீறினான். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஒலிவாங்கியை மறந்துவிட்டான். அரங்கம் முழுவதும் கேட்டது. பிறகு அந்தப் பருத்த மனிதர் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார், பார்க்கப் பார்க்க எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவன் அந்த முதுகுகளுக்கு நடுவே நடந்து வெளியே போனான். நான் கடைசி அடி வரை பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை, பசிதான் வந்தது. மிரியமோடு போய் ஒரு முழு பர்கர் சாப்பிட்டேன்.

இத்தோடு முடியவில்லை. மறுநாள் லில்லிப் பூங்கொத்தோடு வாசலில் வந்து நின்றான். தொடரைக் கடைசியாக ஒரு படமாக எடுக்கிறார்களாம், உன் அப்பா முகத்தைக் கணினியில் செய்து, ஏமரி எழுந்து அவனுக்கு நாற்காலியை விட்டுக்கொடுப்பதுபோல் ஒரு காட்சியாம். அதற்கு நீயும் நானும் சம்மதிக்க வேண்டும். "டாக்டருங்க எனக்கு நாள் குறிச்சிட்டாங்க வெர்னா, இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்" என்று அழுதான். உன் அப்பா சாகும் முன் அவனுக்குப் போன் செய்து, "நான் குடிச்சதில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்று கெஞ்சியது உனக்குத் தெரியாது. இவன் பதிலே சொல்லாமல் வைத்துவிட்டான். அதை அவனுக்கு ஞாபகப்படுத்திவிட்டு, பூவை வாங்காமல் கதவைச் சாத்தினேன்.

இனி உன்னைக் கூப்பிடுவான். நன்றாக அழுவான், அவனுக்கு ஒழுங்காக வந்த நடிப்பு அது ஒன்றுதான். நீ இளகிய மனசுக்காரி, உன் அப்பா மாதிரி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் மகளாக இரு. கையெழுத்துப் போடாதே. நான் போன பிறகு கேட்டாலும் போடாதே, அவன் போன பிறகு அவன் பிள்ளைகள் வந்து கேட்டாலும் போடாதே.

மற்றபடி நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். இரும்பு மாத்திரையை மறக்காமல் சாப்பிடு. ஜூடுக்கு என் முத்தங்கள்.

உன் அம்மா,
வெர்னா டெலனி
(கேப்டன் ஏமரியின் மனைவி)