பொரித்த எண்ணெயில் ஓடிய நம் இஞ்சின்

பாசமுள்ள சேவியர் அண்ணே,

நாங்கள் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். தோட்டத்து லயத்தில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் ஒரே வரிசையில் வீடு கிடைத்திருக்கிறது. உங்க வீட்டுக்காரி ஆக்னஸ் அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. பால் காய்ச்சின அன்றைக்கு, இதைப் பார்க்க அண்ணன் இல்லையே என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாகப் பால் டம்ளரைத்தான் நீட்டினேன்.

உங்களுக்கு நன்றி என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "ஏன்லா, நான் என்ன வெளியாளா?" என்று முறைத்திருப்பீங்க. இப்போது முறைக்க மாட்டீங்க என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நம் தோட்டம் கைமாறியது ஞாபகம் இருக்கிறதா? மிச்சமிருந்த ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். வீடு கட்டித் தரும்வரை லயத்திலேயே இருங்கள் என்றவர்கள், கரண்டை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கமுந்திங் ஃபேக்டரி வேலையை விட்டு அப்போதுதான் வீட்டோடு வந்திருந்தீங்க. பழைய ரப்பர் ஆலைக்குள் துருவேறிக் கிடந்த டீசல் இஞ்சினை இழுத்து வந்து, ஜெனரேட்டரோடு மாட்டி ஓட வைத்தீங்க. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டீசல் வாங்கினோம். சாயங்காலம் விளக்குக்கு அது போதும்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் ராஜுவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்சிஜன் மெஷின் ஒன்றைக் கொடுத்து, இது பகலிலும் ஓட வேண்டும், வீட்டில் எந்நேரமும் கரண்டு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். கூட வந்திருந்த நீங்க, "இருக்கு டாக்டர்" என்றீங்க.

வேனில் ஏறினதும் கேட்டேன். "எங்கண்ணே இருக்கு? டீசல் விலை ஏறிக் கெடக்கு. சாயந்தரத்துக்கே பத்தலயே."

"போற வழியில யோசிப்போம்லா. இல்லேன்னு சொன்னா அவங்க ராஜுவ விடுவாங்களா?"

வழியில் புந்தோங்கில் என் வடைக்கடையில் நிறுத்தினோம். நீங்க வடையைத் தொடவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் இருந்த பழைய எண்ணெய் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தீங்க.

"இத என்ன பண்றே?"

"வாங்கிட்டுப் போக ஆள் வருவான்."

"இனிமே அவனுக்குக் குடுக்காத."

முதல் நாளே சரியாக ஓடிவிடவில்லை. டீசலோடு என் கடை எண்ணெயைக் கலந்து ஊற்றினீங்க. இஞ்சின் இருமியது, வெள்ளைப் புகையாகக் கக்கியது, நின்றுபோனது. உள்ளே ராஜு, ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கென்று கொடுத்த சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கோயில் தலைவர் முனியாண்டி மாமா வந்து, "இருக்கற ஒரு இஞ்சினையும் கெடுத்துராத சேவியர்" என்றார். நீங்க ஸ்பேனரை வீசி எறிந்தீங்க. அது செம்பனைக்குள் போய் விழுந்தது. பிறகு நீங்களே போய்த் தேடி எடுத்து வந்தீங்க.

எண்ணெயில் தண்ணீர் இருந்ததுதான் கோளாறு என்று கண்டுபிடித்தீங்க. அப்புறம் எண்ணெயைத் தோங் பீப்பாயில் தெளிய விட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி, பழைய ஜீன்ஸ் துணியில் வடிகட்டினீங்க. இஞ்சினை டீசலில் கிளப்புவது, சூடேறினதும் வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றுவது, நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி டீசலுக்குப் போவது. இல்லாவிட்டால் குழாய்க்குள் எண்ணெய் உறைந்துவிடும். யாரையும் பக்கத்தில் விடமாட்டீங்க. எல்லாவற்றையும் நீங்களே திட்டிக்கொண்டே செய்வீங்க. மறுநாளே பகல் கரண்டு வந்தது. லயம் முழுக்க வடை வாசம். ராஜு மூக்குக் குழாயோடு படுத்துக்கொண்டு, "கடைய வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்று சிரித்தார்.

பிறகு வாழைப்பழம் பொரிக்கிற பீசாங் கோரேங் கடை, கோழி பொரிக்கிற கடை என்று டவுனில் நாலு இடத்தில் எண்ணெய் கேட்டு வாங்க ஆரம்பித்தீங்க. மாரியம்மன் திருவிழா நெருங்கியபோது முனியாண்டி மாமா உங்களைத் தேடி வந்தார். சுற்றி வளைத்துத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காத சேவியர். கோழியோ என்னவோ பொரிச்ச எண்ணெய். அம்மன் சந்நிதி லைட்டும் இதுலதான் எரியணும். மனசு ஒப்பல."

நீங்க கோபப்படுவீங்க என்று நான் பயந்தேன். வேதக்காரக் கிறிஸ்தவன் அம்மனுக்காகச் சொன்னால் கேட்பானா என்று யாரோ முணுமுணுத்ததும் உங்கள் காதில் விழுந்தது. நீங்க தாடையைச் சொறிந்துவிட்டு, "அதுவும் சரிதான் மாமா" என்றீங்க. எண்ணெய் டாங்கியைக் கழற்றி டீசலில் அலசினீங்க. புதுத் தோங் ஒன்று வாங்கி, வடை சுட்ட எண்ணெய் மட்டும்தான் அதில் என்று என்னிடம் கறாராகச் சொன்னீங்க. திருவிழா முடியும்வரை இஞ்சின் கொட்டகையை விட்டு நகரவில்லை. பொங்கலை முனியாண்டி மாமாவே இலையில் ஏந்திக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். உங்க கை முழுக்கக் கரி. அவர் ஊட்டிவிட்டதை நான் பார்த்தேன்.

அண்ணே, நீங்க போன அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று சாய்ந்தவர்தான். மறுநாள் காலையில் உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. இஞ்சினைக் கிளப்ப யாருக்கும் தெரியாது, கிளப்பச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. ராஜு முந்தின நாளிலிருந்து சிலிண்டரில் இருந்தார். சிலிண்டர் மீட்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. "யாரையும் கேக்காத மல்லிகா. சாவு வீடு" என்று அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, உங்க வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

ஆக்னஸ் அக்கா உங்க தலைமாட்டில் இருந்து நிமிர்ந்து பார்த்தாங்க. "இஞ்சின் சத்தமே கேக்கலயே. ராஜு எதுல இருக்காரு?"

"சிலிண்டர்லக்கா."

அக்கா எழுந்தாங்க. உங்க அத்தை கையைப் பிடித்து இழுத்தாங்க. "பொணத்த விட்டுட்டு எங்க போற?"

"அவரு எங்கயும் போயிற மாட்டாரு அத்தை. இந்தா வந்துடுறேன்."

வாசலில் கிடந்த யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாங்க. நானும் அக்காவும் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றினோம். இஞ்சின் கிளம்பியது. அக்கா குழாயில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக் காத்திருந்து, சரியான நேரத்தில் வால்வைத் திருப்பினாங்க.

"எப்பக்கா கத்துக்கிட்டீங்க?"

"சொல்லிக் குடுத்தாரா அந்த மனுசன்? ஆனா வாயிலயே வேலை செய்வாருல்ல. கேட்டுக்கிட்டேதான இருந்தேன்."

அதுவரை அக்கா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இஞ்சின் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்த பிறகுதான், என் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாங்க. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்களிடம் திரும்பிப் போனாங்க. ஆம்புலன்ஸ் வந்தபோது ராஜு மெஷினில் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து புது வீட்டுக்கு வரும்வரை இஞ்சினை ஓட்டினது அக்காதான். ஒரு நாளும் நின்றதில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியோடுதான் வாழ்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா அண்ணே?

போன வாரம் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கேயும் கரண்டை நிறுத்திவிட்டார்களாம், வீடு இன்னும் வரவில்லையாம். அக்கா இஞ்சினை உங்க ஞாபகமாக வைத்துக்கொள்வாங்க என்று நினைத்தேன். "துருப்புடிக்க விட்டா அவருக்குப் புடிக்குமா?" என்று கேட்டு, லோரியில் ஏற்றிவிட்டாங்க. தானும் கூடவே போய் மாட்டிக் கொடுத்தாங்க. ஒரு தடவைகூட யாரையும் திட்டாமல் சொல்லிக் கொடுத்தாங்க. கோபித்துக்கொள்ளாதீங்க, உங்களைவிட அக்கா நல்ல வாத்தியார்.

அந்த ஜனங்களுக்கு வீடும் கரண்டும் கிடைக்கும்வரை என் கடை எண்ணெய் வாராவாரம் அங்கே போய்ச் சேரும். ஆக்னஸ் அக்காவை ஒரு வேளைகூடத் தனியாக உட்கார்ந்து சாப்பிட விடமாட்டேன். இது என் வாக்கு. இதோ, சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்கிறது. மீன் கறி சூடாறுவதற்குள் கொண்டுபோய், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உங்க தங்கச்சி,
மல்லிகா