எழுதிய பிறகு பார்த்த பிரேக்

மார்ச் 3
லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு எதற்கு இங்கிலீஷ்? இனி வேலை அறிக்கையை இங்கிலீஷில்தான் அனுப்ப வேண்டுமாம். முடியாதவர்களுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். இந்த வயதில் மறுபடியும் பள்ளிக்கூடம். டீச்சர், என் மனைவி. தலையெழுத்து.

மார்ச் 5
'செக்' என்றால் பார்க்கிறேன். 'செக்டு' என்றால் பார்த்தேன். சரி. 'கோ' மட்டும் ஏன் 'வென்ட்' ஆகிறது? "அது அப்படித்தாங்க, மனப்பாடம் பண்ணுங்க" என்கிறாள். 'கட்' நேற்றும் 'கட்', இன்றும் 'கட்'. இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைக்கட்டும்!

மார்ச் 8
'டிட் நாட் செக்டு' என்று எழுதினேன். "'டிட்' போட்டாச்சுல்ல, அப்புறம் 'செக்' போதும்." எத்தனை தடவைதான் சொல்வாள்! புத்தகத்தை மூடிவிட்டேன்.

மார்ச் 11
என் ஜோடி புயல் அண்ணன். ஒரே பகலில் நான்கு கட்டடத்து லிஃப்டுகளை முடிப்பதால் அந்தப் பெயர். இதுவரை அறிக்கை அவர் பொறுப்பு. இங்கிலீஷ் என்றதும் என் தலையில் கட்டிவிட்டார். காலையில் டீ குடிக்கும்போதே எழுதச் சொன்னார். "பிரேக் பார்த்தேன், எண்ணெய் விட்டேன்னு நாலுக்கும் போட்டு அனுப்பிடு. நான் எப்பவும் இப்படித்தான்."

அனுப்பினேன். நாலாவதில் நேரமாகிவிட்டது. பிரேக்கைத் திறக்கவே இல்லை.

வீட்டில் இவள் வாசித்துப் பார்த்து, "ஒரு தப்புகூட இல்லைங்க!" என்று பூரித்துப் போனாள். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மார்ச் 12
எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். எட்டு மாடி. குழந்தைகள் ஏறி இறங்கும் லிஃப்ட். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், "அதான் எழுதியாச்சுல்ல?" என்கிறார் அண்ணன். எழுதினால் நடந்துவிடுமா? ச்சே!

திருத்தி அனுப்பிவிட்டேன். 'வீ டிட் நாட் செக் தி பிரேக்.' ஒப்பந்தம் போனா போகட்டும்.

மார்ச் 13
மேலாளர் லிஃப்டை நிறுத்தச் சொன்னார். எட்டு மாடிக்காரர்களும் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டே எங்களைத் திட்டினார்கள். "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடா" என்றார் அண்ணன்.

பிரேக்கைத் திறந்தோம். பிடித்து நிறுத்தும் லைனிங் பட்டை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 17
ஒப்பந்தம் பற்றி மேலாளர் இன்னும் வாய் திறக்கவில்லை. அண்ணனும் நாலு நாளாக என்னிடம் பேசவில்லை.

இன்று மூன்று கட்டடம்தான் முடிந்தது. சாயங்காலம் வேனில் ஏறியதும் அண்ணன் தன் போனை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலாவதுக்குப் போகலைன்னு இங்கிலீஷ்ல எப்படிடா எழுதுறது?"

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவரே அடித்தார்.