தண்ணீர் வந்த பக்கம்

சின்னு,

இன்றைக்குக் கண்டி மார்க்கெட்டில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. நீ லீவில் மஹய்யாவில் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் சட்டை வரைக்கும் இந்த வாசம்தான். "கடல் எப்படிடா இருக்கு?" என்று கேட்டால், "நம்ம கண்டிக் குளம் மாதிரிதான் அக்கா, சுத்திக் கட்டு கட்ட மறந்துட்டாங்க" என்பாய். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு விசயம் சொல்ல வேண்டும். நான் அதிகம் படிக்காதவள், எனக்கு விளங்கின மாதிரிதான் சொல்வேன்.

பேராதனை ரோட்டில் நான் சமைக்கிற வீட்டு மாடியில் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். கடல் ஊருக்குள் வந்த கதைகளைச் சேர்ப்பதுதான் அவர் படிப்பு. கிழவர்கள் சொன்ன பழங்கதை, கோயிலில் எழுதி வைத்தது, நம் காலத்துச் சுனாமி, எல்லாவற்றையும் கம்பியூட்டரில் போட்டு, சொன்னபடி தண்ணீர் வந்திருக்க முடியுமா என்று பார்க்கிறார். போன கிழமை தேத்தண்ணி கொண்டுபோனபோது நீ கருவாட்டுக் கடையில் வேலை செய்த ஊரைப் பற்றிக் கேட்டேன். மட்டக்களப்புக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் உள்ளே தேங்கின களப்புத் தண்ணீருக்கும் நடுவில் என்றேன்.

"ஓம் அக்கா, அதுவும் இருக்கு. கடலின்ர ஆழத்தையும் கரையின்ர மேட்டையும் குடுத்தா, தண்ணி போன வழியை இது காட்டும்."

திரையில் நீலம் பரவியது. கடல் பக்கம் மணல் மேட்டில் முட்டி நின்றது. முகத்துவாரத்தால் நுழைந்து, களப்பைச் சுற்றி, பின்பக்கமாக மெல்ல ஏறியது. உன் கடைத்தெருவில் இடுப்பளவுதான்.

"முன்னாலருந்து அடிக்கலையா மிஸ்?"

"இந்தக் கணக்கில இல்லை அக்கா."

சுனாமிக்குப் பிறகு உன் முதலாளி நம் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து சொன்னது வேறு. "பனை உசரத்துக்கு வந்திச்சு தங்கச்சி. தம்பி கடை வாசல்ல நின்டவரு. என்ட கண்ணுக்கு முன்னால கடல் அடிச்சிக்கிட்டுப் போயிட்டு." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அவர் தந்துவிட்டுப் போன உன் பையில் ஈரம் பட்ட அடையாளமே இல்லை. கேட்டால், மேல் தட்டில் இருந்தது என்றார். இருக்கலாம். எனக்கு அது ஒட்டவில்லை.

சுனாமிக்குக் கொஞ்சம் முன்னால் நீ போன் எடுத்தாயே. "அக்கா, யாரோ வந்து ஐடென்டிட்டி கார்ட பார்த்துட்டுப் போறாங்க. கண்டிக்காரனுக்கு இங்க என்ன வேலைன்னு கேக்குறாங்க. எந்தப் பக்கத்து ஆளுங்கன்னே தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அப்போதே நம்பவில்லை.

கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்தபோது நீ கைக்குழந்தை. மறுநாள் தெருவில் பாதிப்பேர் ஒன்றும் பார்க்கவில்லை. பார்த்த மீதிப்பேர் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதிலிருந்து, கண்ணால் கண்டேன் என்று வருகிறவரை நான் லேசில் நம்புவதில்லை.

கம்பியூட்டரையும் அப்படியே நம்பிவிடவில்லை. மிஸ்ஸே சொல்கிறார்: "அந்த மேட்டில அப்பவே மண் அள்ளியிருந்தா எங்கட கணக்குப் பிழை. முதலாளி சொன்னது சரியாயும் இருக்கலாம்." போய் நாலு பேரிடம் விசாரிக்கலாமென்றால் மறுபடியும் சண்டை, பாதையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முதலாளி பொய் சொன்னாரா, யாருக்கோ பயந்து சொன்னாரா, அதுவும் தெரியாது.

உன் உடம்பு கிடைக்கவில்லை. தண்ணீர் வந்த அந்தப் போயா நாளை வைத்துத்தான் மார்கழிப் பௌர்ணமியில் உனக்குத் திதி கொடுத்து வருகிறோம். "தண்ணியோ மனுசனோ, போனவன் போயிட்டான். படைச்சு விடு" என்கிறார் உன் மச்சான். அவருக்குச் சுலபம். கொண்டுபோனது மனிதர்கள் என்றால் அன்றைக்கே உயிர் போயிருக்க வேண்டும் என்று இல்லையே. ஏதாவது ஒரு காம்பில் அடைபட்டு நீ இன்னும் இருந்தால்? உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்தவன் சோற்றை வைத்த கையை நான் எங்கே கழுவுவேன்?

போன கிழமை உன் படத்துச் சந்தனப் பொட்டைத் துடைத்தேன். துடைத்த இடம் வெறிச்சென்று இருந்தது, பயந்து மறுபடி வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இதே வேலைதான்.

நாளைக்கு மார்கழிப் பௌர்ணமி. நீயே சொல்லு சின்னு, உனக்கு இலை போடவா, வேண்டாமா?