தொப்பி வளைவில் வண்டி சூடாகிறது

மார்ச் 4, செவ்வாய்

இன்று எட்டுப் பேர். ஒரே மாதிரி மஞ்சள் ஜாக்கெட் போட்ட புதுமணத் தம்பதி, ஓய்வுபெற்ற பல் டாக்டர், அவருடைய நண்பர்கள் மூவர், தலைக்கவசத்தில் கேமரா ஒட்டிக்கொண்டு வந்த ஒரு அண்ணன் தங்கை. உச்சியில் பல் கிட்டும் குளிர். சைக்கிளைக் கையில் கொடுக்கும் முன் வழக்கமான பிரசங்கம் செய்தேன்: "ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க. முன் பிரேக்க மட்டும் பிடிச்சா வண்டி நின்னுடும், நீங்க நிக்க மாட்டீங்க." எப்போதும் சிரிக்கும் இடத்தில் சரியாகச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதை உடம்பால் செய்து காட்டியவள் நான்.

முன்னால் நான். கடைசியில் இன்னொரு வழிகாட்டி, நெட்டை. அவனுக்கும் பின்னால் வேனில் என் வீட்டுக்காரர். என்னை யாரும் முந்தக் கூடாது, நெட்டைக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது, வேன் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். முதலுதவிப் பெட்டி, தண்ணீர், சாப்பாடு, மாற்றுத்துணி எல்லாம் வேனில்தான். உச்சியிலிருந்து மழைக்காடு வரை ஒரே இறக்கம். "சும்மா உக்காந்திருங்க, மலையே உங்களை இறக்கி விட்டுடும்" என்று முதலாளியம்மா விளம்பரத்தில் போட்டிருக்கிறார். எங்கே இறக்கிவிடும் என்று போடவில்லை.

தொப்பி வளைவு வருவதற்குச் சற்று முன்னால் வாக்கி டாக்கியில் என் வீட்டுக்காரர் குரல்: "வண்டி சூடாயிடுச்சு. அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

நின்றோம். பாழாய்ப்போன வேன். நூறு வயசு இருக்கட்டும் அதற்கு.

மார்ச் 5, புதன்

நேற்று ஏன் அப்படி எழுதினேன் என்று எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல வாயில்லை.

தொப்பி வளைவில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே அடிக்கும். தொப்பி போட்டு வந்தவன் தொப்பியை மறந்துவிட வேண்டியதுதான். போன அக்டோபரில் அங்கே சாலையில் ஜல்லி சிதறிக் கிடந்தது. பதினோரு வருஷம் இறங்கிய கை, ஒரு நொடியில் முன் பிரேக்கை மட்டும் இழுத்தது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் பார்க்கப் பறந்தேன். உடைந்த தோள் எலும்பு ஒட்டிக்கொண்டது. டாக்டர் "பழைய மாதிரி ஓட்டலாம்" என்றார். தோளைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுபடி வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வளைவை ஒரு முறைகூட ஓட்டிக் கடக்கவில்லை. கடக்க வேண்டிய அவசியம் வரவில்லை. தினம் அதற்கு முன்னால் வேன் சூடாகிறது. நிற்கிறோம். நின்ற இடத்தில் சும்மா நிற்க முடியுமா? "இங்க வெட்கக்குருவின்னு ஒண்ணு இருக்கு. டயர் சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்கும். சைக்கிளைத் தள்ளிக்கிட்டு மெதுவா வாங்க" என்பேன். வளைவு முழுக்க எல்லோரும் தள்ளிக்கொண்டு நடப்போம். குருவி வராது. அதுதான் வெட்கக்குருவி ஆயிற்றே.

அப்படி ஒரு குருவி இந்த உலகத்தில் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன்தான் எங்கள் மெக்கானிக். இன்று வேனுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னான்: "ஏறும்போது சூடாகாத வண்டி இறங்கும்போது சூடாகுதுன்னு இப்பத்தான் கேள்விப்படறேன் அண்ணி."

எனக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மைதான்.

மார்ச் 13, வியாழன்

முதலாளியம்மா வளைவில் பலகை நட்டுவிட்டார். "வெட்கக்குருவி பார்வையிடம்." குருவியின் படமும் போட்டிருக்கிறது. கழுத்து நீலம், வால் சிவப்பு. பெயின்டருக்கு யார் அடையாளம் சொன்னார்கள் என்று கேட்டேன். "பார்த்தவங்க சொன்னாங்க" என்றார்.

ஏழு பேர் பார்த்திருக்கிறார்களாம்.

மார்ச் 16, ஞாயிறு

முதலாளியம்மா புது வேன் வாங்குகிறாராம். என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார், வேன் ஓட்டுகிறவரை அல்ல. "ரேடியேட்டர் மாத்தினேன், ஃபேன் மாத்தினேன், தினம் சூடாகுதுன்னா வண்டி சரியில்ல, இல்ல ஓட்டுறவர் சரியில்ல. முதல்ல வண்டிய மாத்தறேன். அப்பவும் சூடானா உன் வீட்டுக்காரரை வாசல்ல டிக்கெட் கிழிக்க உக்கார வச்சுடுவேன். வருத்தப்படாதே."

என் வீட்டுக்காரரை! காலையில் வேன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுகிற மனுஷர். இருபது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. வேனைப் பார்த்து "போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அவருக்காகக் கோபம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. புது வண்டி சூடாகாதே. நான் என்ன செய்யப் போகிறேன்?

மார்ச் 20, வியாழன்

புது வேன். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

உச்சியிலிருந்து கிளம்பும்போதே என் உள்ளங்கை கையுறைக்குள் நனைந்துவிட்டது. இன்று தப்ப முடியாது. இறங்கி, விழுந்த மாதிரி நடிக்கலாமா? வயிற்றுவலி? வளைவுக்கு முந்தைய மைல்கல் தெரிந்தது.

"வண்டி சூடாயிடுச்சு. அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

நின்றேன். திரும்பிப் பார்த்தேன். புத்தம்புது வேன், பளபளவென்று. அவர் இறங்கி பானெட்டைத் திறந்து உள்ளே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் புரிந்தது. எனக்கு இத்தனை மாதம் புரியாமல் இருந்ததை என்னவென்று சொல்வது? பின்னாலிருந்து தினம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறவர் அவர்தானே.

அழுகை வந்தது. குருவியைக் காட்டுகிற மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மாள் "எனக்கும் தெரியுது" என்றாள்.

மார்ச் 20, சாப்பாட்டுக்குப் பின்

கேட்டேவிட்டேன். "ஏங்க, புது வண்டி எப்படிங்க சூடாகும்?"

"எந்த வண்டியா இருந்தாலும் அந்த இடத்துல சூடாகும்" என்றார். ஊறுகாய் பாட்டிலை மூடினார்.

"உங்களை டிக்கெட் கிழிக்க உக்கார வச்சுடுவாங்க."

"டிக்கெட் கிழிக்கிறதும் வேலைதான்."

"இதெல்லாம் எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா நீ நிக்க மாட்டே."

இவரோடு எப்படித்தான் சண்டை போடுவது.

மார்ச் 23, ஞாயிறு

விடுமுறை. அவர் தூங்கும்போதே எழுந்து சைக்கிளோடு வளைவுக்குப் போனேன். யாரும் இல்லை. சாலை துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். காற்றுகூட இல்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். பலகை வந்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது. மறுபடி ஏறினேன். மறுபடி ஊன்றியது. நாலாவது தடவை உட்கார்ந்துவிட்டேன்.

பயமா இருக்கு. இதுக்கு மேல அழகா எழுதத் தெரியல. பயமா இருக்கு, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கறேன், என் காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நான் ஒருத்தி பயந்தா பரவால்ல, அதுக்கு அவர் பேரு ஏன் கெடணும்?

தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். இனி வண்டி சூடாகாது. சூடானால் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். "உங்க அம்மா உன்னை வச்சுக்க மாட்டாங்க" என்றார். இருந்தாலும் சத்தியம் செய்தார்.

முதலாளியம்மா சொல்லி கொழுந்தன் இன்று புது வேனை முழுக்கக் கழற்றி மாட்டியிருக்கிறான். "ஒரு குறையும் இல்ல அண்ணி. இருந்தாலும் சொல்லிட்டாங்களேன்னு எல்லாத்தையும் ஒரு தடவை கழட்டிப் பார்த்துட்டேன்."

மார்ச் 26, புதன்

என்ன நாள் இது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

எட்டுப் பேர், எல்லோரும் ஒரே அலுவலகத்துக் கணக்குப் பிரிவு. நல்ல பிள்ளைகள். சொன்ன இடைவெளியில் சொன்ன வேகத்தில் வந்தார்கள். நான் மனசுக்குள் ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொண்டு இறங்கினேன்: இன்று நிற்காமல் போகிறோம், கால் ஊன்றினால் ஊன்றட்டும், அவர் வாயைத் திறக்கக் கூடாது. மைல்கல் வந்தது.

"வண்டி சூடாயிடுச்சு. நில்லுங்க."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். சத்தியம் செய்து ஒரு நாள் ஆகவில்லை. தோளில் மாட்டிய மைக்கை அழுத்தினேன்.

"போதும் உங்க நாடகம்!"

"நிஜமாவே சூடாயிடுச்சும்மா."

"போன வாரமும் நிஜம்தானா?"

"புகை வருது."

"வரட்டும்! என்னை என்னன்னு நினைச்சீங்க? நான் என்ன பச்சைக் குழந்தையா? இனிமே நீங்க சொல்லி நான் நிக்க மாட்டேன், புரிஞ்சுதா? டிக்கெட் கிழிக்கிறதும் வேலைதான்னு வியாக்கியானம் வேற! வாங்க, வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்!"

இன்னும் நிறையச் சொன்னேன். அவர் அம்மாவைப் பற்றியும் ஒன்று வந்தது. சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போது பலகை எனக்குப் பின்னால் இருந்தது. வளைவும் பின்னால் இருந்தது. மைக்கிலிருந்து எப்போது கையை எடுத்தேன், இரண்டு பிரேக்கையும் எப்போது பிடித்தேன், எதுவும் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். கணக்குப் பிரிவு எட்டுப் பேரும் சரியான இடைவெளியில் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜில்லென்றிருந்த காற்று வெதுவெதுப்பானது, பெரணிச் செடிகள் தெரிந்தன, மழைக்காட்டு வாசனை வந்தது. நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன். இவ்வளவு சந்தோஷமாக இறங்கி எத்தனை நாள் ஆயிற்று!

கீழே வந்து நின்றோம். வேன் வரவில்லை. நெட்டை மட்டும் வந்தான். மழை பிடித்துக்கொண்டது. "அக்கா, வேனிலிருந்து நிஜமாவே புகை வந்துச்சு" என்றான். "உங்ககிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க மைக்கை விட்டாத்தானே?"

நேற்று கழற்றிய தண்ணீர்க் குழாயின் கிளிப்பை கொழுந்தன் சரியாக முடுக்கவில்லை. குறையே இல்லாத வண்டியைக் கழற்றிக் குறை வைத்திருக்கிறான். வேன் தொப்பி வளைவில் நின்றுவிட்டது. சாப்பாடு, துண்டு, மாற்றுத்துணி எல்லாம் மலைமேல். நாங்கள் மழைக்காட்டில், மழையில். கணக்குப் பிரிவில் ஒருவர், "இதுவும் பேக்கேஜ்ல சேர்ந்ததா?" என்று பணிவாகக் கேட்டார்.

மார்ச் 27, வியாழன்

முதலாளியம்மாவின் தீர்ப்பு வந்துவிட்டது.

அவருக்கு: "பாவம், நிஜமாத்தான் சொல்லியிருக்கார், நான்தான் சந்தேகப்பட்டேன்." புது வேன் தொடர்ந்து அவர் கையில்.

கொழுந்தனுக்கு: திட்டு.

எனக்கு: வேன் நின்றபோது நிற்காத குற்றத்துக்காகக் கடைசி இடம். நெட்டை முன்னால் போவான்.

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். வளைவு, பயம், சூடாகாத வண்டி, எல்லாம் சொன்னேன். முதலாளியம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, "குருவி இருக்குல்ல?" என்றார். இல்லை என்றேன். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "இதை மட்டும் வெளிய சொல்லாதே" என்றார். தீர்ப்பு மாறவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு கவலை. அன்று வளைவைக் கடந்தது நானா, என் கோபமா? நாளை கோபம் இல்லாமல் போனால்?

மார்ச் 31, திங்கள்

சோதனை செய்ய மனம் வரவில்லை. காலையிலேயே அவரோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். காரணம், டீயில் சர்க்கரை. உச்சியிலிருந்து வளைவு வரை கோபத்தை அணையாமல் காத்துக்கொண்டு வந்தேன். கடந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சாவியை எங்கே வைத்தீர்கள் என்று சண்டை. கடந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அவர் தம்பி, கிளிப். கடந்தேன். இதில் நியாயமும் இருந்தது.

ஏப்ரல் 12, சனி

காரணங்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன. இன்று காலை எதுவும் கிடைக்காமல் சமையலறையில் நின்றேன். அவர் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டைக் கட்டிலில், சரியாக என் தலையணைமேல் போட்டார். இருபது வருஷத்தில் ஒரு நாளும் செய்யாத காரியம். போட்டுவிட்டு நின்றார்.

தெரிந்துதான் செய்கிறார் என்று எனக்கும் தெரிந்தது. இருந்தாலும் நன்றாகவே கத்தினேன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக் கோபத்தோடுதான் வளைவுக்குப் போனேன், கடந்தேன்.

மே 2, வெள்ளி

தொப்பி வளைவைப் பற்றி எழுத இன்று ஒன்றும் இல்லை. ஆறு பேர், நல்ல வெயில், கீழே தூறல். காலையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

வழக்கம்போல ஈரத் துண்டைத் தலையணைமேல் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எடுத்தேன். உதறி ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன்.

"இன்னைக்கு வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றேன்.

டீயைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினோம்.