இடது பக்கக் கிழிசல்

அக்டோபர் 6, திங்கள். அல் ஐன்

காலை எட்டுக்கே மண்டை காய்கிறது. அக்டோபராம்.

கஃபீலின் வேட்டை வில் எங்கள் கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை.

முருகேசன் அண்ணன் கொண்டு வந்தார். கடைக்கு ஸ்பான்சரான அரபி கஃபீலின் டிரைவர், பெரம்பலூர்க்காரர்; கஃபீலை அர்பாப் என்பார். வில்லைக் கவுண்டரில் வைத்தார், அதன் மேல் ஒரு காகிதத்தையும் வைத்தார். நடுவில் ஓர் ஓட்டை, அதிலிருந்து இடது பக்கம் ஓர் அங்குலக் கிழிசல்.

"அர்பாப் சொன்னாரு, கடையில புதுசா வந்த பய வில்லக் கெடுத்துட்டானாம்."

"நான் அடிச்சா நேராத்தாண்ணே போவுது."

"அத எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? நான் வண்டி ஓட்டுறவன்."

சோதனை ரொம்ப சிம்பிள். கடைக்குப் பின்னால் நீள அறை. மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று அது வழியாக அம்பு விட வேண்டும். நேராகப் போனால் வட்ட ஓட்டை, சுற்றி மூன்று இறகு வெட்டு. வாலை ஆட்டிக்கொண்டு போனால் கிழிசல். எந்தப் பக்கம் கிழிகிறதோ வால் அந்தப் பக்கம் ஆடுகிறது. வால் ஆடும் அம்பு மிருகத்தின் உள்ளே இறங்காது. காயம்தான்.

நான் அடித்தேன். பத்து அம்பு, பத்து வட்டம். அர்பாப் தன் இடத்தில் அடித்தால் மட்டும் கிழிகிறது.

நிலவரம்: சனிக்கிழமை கஃபீல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார். என் விசிட் விசா பதினாலாம் தேதியோடு சரி. கடை லைசென்ஸ் அவர் பேரில். என் வேலை விசா பேப்பரில் அவர் கையெழுத்து விழ வேண்டும். முதலாளி நேற்றே சொல்லிவிட்டார்: "வில்லு சரியாவட்டும், அவரு மனசும் சரியாவட்டும், அப்புறம் பேப்பரை நீட்டுறேன். இல்லாட்டி ஊருக்கு ஃபிளைட்தான் தம்பி." கீழக்கரைக்காரர். கோபத்திலும் தம்பி போடுவார்.

ஊரில் என்ன இருக்கிறது? பாதியில் விட்ட மெக்கானிக்கல், பதினொரு அரியர், அப்பாவின் முகம். மாட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று செய்தவை:

அம்பு உட்காரும் தாங்கியை ஒரு மில்லி நகர்த்தினேன்.
விறைப்பான வேறு அம்பு போட்டேன்.
வில்லின் இரு முனையிலும் நாண் ஓடும் மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே நேரத்தில் சுற்றுகிறதா பார்த்தேன். சுற்றுகிறது.
நாணுக்கு மெழுகு.
கெட்ட வார்த்தை. நிறைய.

மதியம் கொடுத்தனுப்பினேன். ஆறு மணிக்குத் திரும்பி வந்தது. அதே ஓர் அங்குலம், அதே இடது பக்கம். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி.

வில் கெட்டிருந்தால் எனக்கும் கிழிய வேண்டும் இல்லையா? முதலாளியையும் அடிக்கச் சொன்னேன். தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்று அடித்தார். வட்டம்.

"அவரையே கடைக்கு வந்து ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்க முதலாளி. எப்படி அடிக்கிறாருன்னு பாக்கணும்."

"கஃபீலை? கடைக்கு வாங்கன்னு? ஏண்டா, டாக்டர்னு நெனப்பா ஒனக்கு?"

"டாக்டரே நோயாளியைப் பாக்காம ஊசி போட மாட்டான்."

"நோயாளிங்காதே! வெளியில யாருக்கும் கேட்டுச்சுன்னா?"

வெளியில் பூனைதான் இருந்தது.

அக்டோபர் 8, புதன்

புழுதி. ஜெபல் ஹஃபீத் மலை கண்ணுக்கே தெரியவில்லை. ரூமில் என் துண்டை எவனோ எடுத்துவிட்டான்.

முருகேசன் அண்ணனிடம் கெஞ்சினேன். அர்பாப் அடிக்கும்போது ஒரு வீடியோ, பத்து செகண்ட் போதும் என்றேன்.

"ஏழு வருசமா அந்த வீட்ல இருக்கேன். ஒருநா கூட ஃபோன அவரு பக்கம் திருப்புனதில்ல. ஒன் விசாவுக்காக என் விசாவ கிழிச்சுக்கவா?"

நியாயம்தான். ஆனாலும் கத்தினேன். அவரும் கத்தினார். ரெண்டு பேரும் கரக் சாயா குடித்தோம். கடைசி மடக்கில் அவரே சொன்னார்:

"நாளைக்கு நாலு மணிக்கு தோட்டத்துக்குக் குறிக்கட்டை எடுத்துட்டுப் போவணும். ஃபோம் கட்டைதான், ஆனா கனம். தூக்க ஆளு வேணும். நீ வா. வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன்ணே."

"நீ தொறப்ப."

அக்டோபர் 9, வியாழன்

திறந்துவிட்டேன்.

அர்பாபின் தோட்டம் ஊருக்கு வெளியே. பேரீச்சை வரிசை, கம்பி வேலி, மணல். கட்டையை இறக்கி வைத்து ஓரமாக நின்றோம். அர்பாப் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லி, கண்டூரா அங்கியின் மடிப்பு கலையவில்லை. இடது கையில் வில்லை எடுத்தார்.

அங்கேயே தெரிந்துவிட்டது. வில்லின் பிடி உள்ளங்கையில் சும்மா சாய்ந்திருக்க வேண்டும், விரல்கள் தளர்ந்து இருக்க வேண்டும். இவர் முஷ்டி மடக்கிப் பிடிக்கிறார். மணிக்கட்டு வேறு வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது. அம்பு கிளம்பும்போது வில்லே கொஞ்சம் திருகுகிறது. திருகினால் வால் ஆடாமல் என்ன செய்யும்? காகிதத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஏன் இப்படிப் பிடிக்கிறார் என்று யோசித்துக்கொண்டு இருக்கும்போதே வேலையாள் ராஜாளியைக் கொண்டு வந்தான். அர்பாப் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு அதை இடது கையில் ஏற்றினார். அதே முஷ்டி. அதே மணிக்கட்டு. பறவை கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

என்னைப் பார்த்து, "க்யா முஷ்கில்?" என்றார்.

முருகேசன் அண்ணன் என் காலை மிதித்தார். மிதித்த பிறகுதான் வில் சரி, கைதான் பிரச்சினை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "வில் டீக் ஹை அர்பாப். ஹாத்... ஹாத் முஷ்கில்."

அவர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் பறவையை.

"தீஸ் சால் யே ஹாத். இஸ்கோ மாஃபி முஷ்கில்." பறவையைத்தான் சொன்னார். முப்பது வருடமாக அதே கை, பறவை ஒரு குறையும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, பறவையோடு உள்ளே போய்விட்டார்.

வண்டி ரவுண்டானா தாண்டியதும் அண்ணன் கேட்டார். "ஊர்ல ஒங்க அப்பாவ எப்படித்தாம்ப்பா சமாளிச்ச?"

"சமாளிக்கலண்ணே. அதான் இங்க இருக்கேன்."

முதலாளிக்கு அதற்குள் ஃபோன் போயிருந்தது. திட்டியதை எழுதவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும்: "அந்தக் கை தப்பாவே இருக்கட்டும்டா. அது கஃபீல் கை! முடிஞ்சா வில்ல மாத்து, இல்ல பெட்டியக் கட்டு."

வில்லை மாற்றுவதாம்.

அக்டோபர் 10, வெள்ளி

வில்லை மாற்றலாம்.

ஜும்மா முடியும்வரை கடை பூட்டு. முதலாளி தொழுகைக்கு அப்புறம்தான் வருவார், சாவி என்னிடம். ராஜாளி சாமான் ஷெல்ஃபிலிருந்து ஓர் உறையை எடுத்து இடது கையில் மாட்டி, அதன் மேல் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கடைக்குள் நடந்தேன். பைத்தியம்தான். மணிக்கட்டு தானாக வெளியே திரும்பிவிடுகிறது. கை அப்படியே இறுகியிருக்கும்போது உறையைக் கழற்றி, அதே முஷ்டியோடு வில்லை எடுத்து அடித்தேன்.

இடது பக்கம். ஓர் அங்குலம்.

கத்திவிட்டேன். தப்பாக அடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் வில்லை அழுத்துமெஷினில் மாட்டி, நாணைத் தளர்த்தி, சக்கரத்தின் அச்சைக் கழற்றினேன். சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வாஷர். ஒன்றை இடமிருந்து வலத்துக்கு மாற்றினால் சக்கரம் ஒரு முடி அளவு இடது பக்கம் போகும். மாட்டு, அடி, பார், கழற்று. சர்க்கரைப் பாக்கெட், நடை, முஷ்டி, மறுபடி. அரை அங்குலம் ஆனது. கால் ஆனது. நாலாவது தடவை வட்டம். அடுத்ததும் வட்டம். விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

முதலாளி வந்தார். பார்த்துவிட்டு தானே எடுத்து அடித்தார், அவர் பாணியில். வலது பக்கம் நீளக் கிழிசல்.

"நல்லா இருந்த வில்லைக் கெடுத்துட்டியேடா!"

"உங்க கைக்குக் கெட்டுருச்சு. என் கைக்கும் கெட்டுருச்சு. அவரு கைக்குத்தான் சரி."

"பழையபடி மாத்து."

"மாட்டேன்."

"மாத்துன்னா மாத்து!"

ஃபோன் அடித்தது. எழுந்து நின்று பேசினார். "ஐவா, அர்பாப். ஐவா." வைத்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"இன்னாலில்லாஹி. காலையில ஏர்போர்ட் போற வழியில அவரே வராராம்."

அக்டோபர் 11, சனி

ஏழு மணி. முதலாளி விடிவதற்கு முன்பே வந்து கவுண்டரை மூன்று தடவை துடைத்திருந்தார்.

அர்பாப் வந்தார். ஸலாம். காபி வேண்டாம். நேராகப் பின்னறை. வில்லை எடுத்தார், முஷ்டியை மடக்கினார். அம்பை விட்டார். சத்தம். போய்ப் பார்த்தேன்.

வட்டம்.

இன்னொன்று. வட்டம். மூன்றாவதும். காகிதத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். திரும்பி வில்லை என்னிடம் நீட்டினார்.

"நீ."

அவர் முதுகுக்குப் பின்னால் முதலாளி தன் கையை முஷ்டியாக மடக்கி எனக்குக் காட்டுகிறார், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி. நெற்றியெல்லாம் வேர்வை. புரிந்தது. அப்படிப் பிடித்தால் வட்டம் வரும், பிரச்சினை முடியும். ஆனால் இவர் ஆப்பிரிக்காவில் தன்னோடு வருகிறவன் கையில் இந்த வில்லைக் கொடுத்து, அவன் நேராகப் பிடித்து, ஒரு மான் காயத்தோடு ஓடினால்?

என் கைப்படியே பிடித்தேன். விட்டேன். வலது பக்கம், ஓர் அங்குலத்துக்கு மேல். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அர்பாப் கிழிசலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். அரபியில் முதலாளியிடம் என்னவோ சொன்னார், மறுபடி சிரித்தார். முதலாளி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்ன சொல்றாரு?"

"அவரு தம்பிமாரு எல்லா வேட்டையிலயும் இவரு வில்லத்தான் எரவல் வாங்குவானுவளாம். இனி ஒருத்தனும் கேக்க மாட்டானாம்."

"பேப்பரை நீட்டுங்க முதலாளி."

"இருடா."

"இப்ப நீட்டுங்க!"

நீட்டினார். அர்பாப் கவுண்டரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், கடையில் இருந்த ஒரே பேனா. வாசலில் முருகேசன் அண்ணன் வில்பெட்டியை வாங்கிக்கொண்டு என்னை முறைத்தார். சிரிப்பை அடக்கும் முறைப்பு.

விசாவுக்கு போட்டோ வேண்டுமாம். வெள்ளை பின்னணி, சட்டை வெள்ளையாக இருக்கக் கூடாது. என்னிடம் இருக்கும் ரெண்டு சட்டையும் வெள்ளை.