நடுவில் நீ இல்லாத வீடு

என் பாப்பாவுக்கு,

நானும் உன் அப்பாவும் வருஷக்கணக்காக நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. எல்லாம் உன் வழியாகத்தான். நீ கல்யாணமாகி ஓசூர் போனபின் வீட்டில் பேச்சே இல்லை.

நேற்று வேங்கிக்கால் ஆபீசிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "பாப்பா, ரசத்துல உப்பு கம்மினு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

உப்பைக் கொண்டுபோய் வைத்தேன். "என்கிட்டயே சொல்லலாங்க" என்றேன்.

"நீயும் உக்காந்து சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டு முடிக்கும்வரை உன்னைப் பற்றியே பேசினோம். வேறு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு நீ வரும்போது, நான் பழக்கத்தில் அவரிடம் ஏதாவது சொல்லச் சொன்னால், போய்ச் சொல்லிவிடாதே.

உன் அம்மா